குறட்டை, தோல் மடிப்பு, மே மாத வெயில்: புல்டாக் கேள்வி–பதில்

செல்லப்பிராணிப் பகுதிக்கு வந்த கடிதங்களில் புல்டாக் பற்றியவற்றை மட்டும் இந்த முறை எடுத்துக்கொண்டோம். தனியாகச் சொல்லாத இடங்களில் புல்டாக் என்றால் இங்கிலீஷ் புல்டாக். பிரெஞ்சு புல்டாக் வைத்திருப்பவர்களுக்கும் மூச்சு, வெயில் பற்றிய பதில்கள் அப்படியே பொருந்தும். அமெரிக்கன் புல்டாக் முகம் நீண்ட, கால் உயர்ந்த வேறு நாய். அதை இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டாம்.

இரண்டு மாதக் குட்டி ஒன்றைப் பார்த்து வைத்திருக்கிறோம். கேசிஐ (கென்னல் கிளப் ஆஃப் இந்தியா என்ற நாய் இனப் பதிவு அமைப்பு) பேப்பர் உண்டு என்கிறார் விற்பவர். முன்பணம் கொடுக்கும் முன் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
– பெரம்பூர் வாசகி

முதலில் மூக்கைப் பாருங்கள், பேப்பரைப் பிறகு பார்க்கலாம். பேப்பர் வம்சாவளிக்குத்தான் சான்று. குட்டி ஒழுங்காக மூச்சுவிடும் என்பதற்கு அல்ல. நாசித் துவாரம் இரண்டும் நன்றாகத் திறந்து, உள்ளே இருட்டு தெரிய வேண்டும். பென்சிலால் கீறியதுபோல் ஒட்டிக் கிடந்தால், மூச்சை இழுக்கும்போது மூக்கின் ஓரம் உள்வாங்கினால், அந்தக் குட்டி வேண்டாம். எவ்வளவு விலை குறைத்தாலும் வேண்டாம். மிச்சப்படுத்தும் தொகையைப் போல் சில மடங்கு அறுவை சிகிச்சைக்குப் போய்விடும்.

அடுத்து, தாயை நேரில் பார்க்க வேண்டும் என்று கேளுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்ததும் அதைச் சில நிமிடம் வேகமாக நடக்கவிடச் சொல்லுங்கள். தாய் கரகரவென்று மூச்சை இழுத்தால் குட்டியும் பெரும்பாலும் அப்படித்தான் வரும். தாயைக் காட்டவே மாட்டேன் என்பவரிடம் மேற்கொண்டு பேச ஒன்றுமில்லை.

குட்டியின் வாலடியை விரலால் தடவிப் பாருங்கள். வால் சுருண்டு சதைக்குள் புதைந்திருந்தால் அந்தக் குழியை ஆயுள் முழுக்க நீங்கள்தான் சுத்தம் செய்ய வேண்டும். சுருள் வால் உள்ள நாய்களுக்கு முதுகெலும்பிலும் கோணல் எலும்புகள் இருப்பது சகஜம். நிறத்தைப் பொறுத்தவரை ‘ப்ளூ’, ‘மெர்ல்’, ‘அரிய நிறம்’ என்று கூடுதல் விலை சொன்னால் உஷாராகிவிடுங்கள். புள்ளியும் திட்டுமாக வரும் மெர்ல் இந்த இனத்துக்கே உரியதல்ல, வேறு இனம் கலந்து வந்தது. மெர்லோடு மெர்ல் சேர்த்தால் காது கேளாத, கண் தெரியாத குட்டிகள் பிறக்கும்.

எட்டு வாரம் நிறையாத குட்டியை விற்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் சொல்கின்றன. விற்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். முன்பணத்துக்கு முன் ஒரு கால்நடை மருத்துவர் குட்டியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துப் பார்த்துவிடட்டும். நுரையீரலுக்குப் போகும் இரத்தக்குழாயின் வால்வு குறுகியிருப்பது இந்த இனத்தில் அடிக்கடி காணும் பிறவிக் கோளாறு. இதயத்தில் இரைச்சல் கேட்டால் எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்காமல் வாங்காதீர்கள்.

எங்கள் புல்டாக்குக்கு இரண்டு வயது. வீடே அதிர்கிற மாதிரி குறட்டை விடுகிறது. ‘புல்டாக் என்றால் அப்படித்தான்’ என்கிறார்கள். உண்மையா?
– கோயம்புத்தூர் வாசகர்

பெரும்பாலான புல்டாக்குகள் அப்படித்தான் இருக்கின்றன. அதனால் அது நோயில்லை என்றாகிவிடாது. மண்டையோட்டைக் குட்டையாக்கி வளர்த்தார்களே தவிர, உள்ளே இருக்கும் சதை அந்த அளவுக்குக் குறையவில்லை. நாசித் துவாரம் குறுகல், தொண்டை வரை தொங்கும் நீண்ட மென் அண்ணம் (வாயின் கூரையில் பின்பக்கச் சதை), தடித்த நாக்கு, போதாததற்குச் சிலவற்றில் மூச்சுக்குழாயே வயதுக்கேற்ற விட்டம் இல்லாமல் ஒடுங்கியிருக்கும். இத்தனையையும் தாண்டிக் காற்றை இழுக்க இழுக்க, குரல்வளையின் ஓரப் பைகள் வெளியே பிதுங்கி வழியை இன்னும் அடைக்கும். வருடக்கணக்கில் இப்படியே விட்டால் குரல்வளைக் குருத்தெலும்பே தளர்ந்து உள்ளே சரிந்துவிடும். அந்தக் கட்டத்தில் செய்வதற்கு அதிகம் இருக்காது.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். விடியற்காலைக் குளிர்ச்சியில், நாய் நிதானமாக இருக்கும்போது மூச்சுச் சத்தத்தைக் கேளுங்கள். பிறகு மூன்று நிமிடம் துள்ளு நடையாக, ஓட்டமில்லாமல், கூட்டிப்போங்கள். நின்றதும் மறுபடி கேளுங்கள். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகமும் கென்னல் கிளப்பும் சேர்ந்து நடத்தும் மூச்சுத் தரப்பரிசோதனையின் அடிப்படையும் இதேதான். அங்கே ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டு 0 (பிரச்சினை இல்லை) முதல் 3 (கடுமை) வரை தரம் போடுகிறார்கள். ஸ்டெதஸ்கோப் இல்லாமலே பக்கத்தில் நிற்பவருக்குக் கரகரப்பு கேட்டால், விலா உள்வாங்கினால், நாய் மேலே நடக்க மறுத்தால், அது மருத்துவரிடம் காட்ட வேண்டிய நிலை.

தூக்கத்தைக் கவனித்தால் இன்னும் தெளிவாகத் தெரியும். பொம்மையை வாயில் கவ்வியபடி தூங்குகிறதா? தாடையைச் சோபாக் கையிலோ தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பிலோ முட்டுக்கொடுத்து வைக்கிறதா? உட்கார்ந்தபடியே கண் சொருகி, தலை சாய்ந்ததும் திடுக்கிட்டு விழிக்கிறதா? படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிச் சிரிக்கிற காட்சிகள் இவை. நாயோ வாய் மூடினால் காற்று நின்றுவிடுகிறது என்பதால் அப்படித் தூங்குகிறது. சாப்பிட்டதும் வெள்ளை நுரையும் இரையும் திரும்பி வருவதற்கும் பல சமயம் மூச்சடைப்புதான் காரணம். காற்றை இழுக்கும் விசையில் இரைப்பையின் மேல்பகுதி நெஞ்சுப் பக்கம் ஏறிவிடுகிறது.

சிகிச்சை உண்டு. நாசித் துவாரத்தை அகலப்படுத்துவது, அண்ணத்தின் அதிகப்படி நீளத்தை வெட்டுவது, பிதுங்கிய பைகளை எடுப்பது. குரல்வளை தளர்வதற்குள் செய்தால்தான் முழுப் பலன் கிடைக்கும். உங்கள் நாய்க்கு இரண்டு வயது என்பதால் இனியும் தள்ளிப்போட வேண்டாம். அறுவைக்குப் பிறகு தொண்டை வீங்கும் ஆபத்து இருக்கிறது. அறுவை முடிந்த அன்றிரவு ஆள் கூடவே இருந்து கவனிக்கும் மருத்துவமனையாகப் பார்த்துச் செய்யுங்கள். கத்தி வைக்கும் முன் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. எடை கூடியிருந்தால் குறையுங்கள். தொண்டைச் சுவரில் சேர்ந்த கொழுப்பும் காற்று வழியைத்தான் அடைக்கிறது. கழுத்துப் பட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சைச் சுற்றி வரும் ஹார்னஸ் போடுங்கள்.

மே மாதத்தில் ஏசி கட்டாயமா? மின்விசிறி போதாதா?
– மதுரை வாசகர்

போதாது. நமக்கு வியர்க்கிறது, அதனால் விசிறிக் காற்று குளிர்கிறது. நாய்க்கு உள்ளங்கால் தவிர வியர்வை கிடையாது. நாக்கிலும் மூக்கின் உள்ளேயும் உள்ள ஈரத்தை மூச்சால் ஆவியாக்கித்தான் உடம்பைக் குளிர்விக்கிறது. புல்டாக்கிற்கு அந்த மூக்கே நசுங்கிப் போயிருக்கிறது. மூச்சு இளைக்க இளைக்கத் தொண்டை வீங்கி, வீங்க வீங்க இன்னும் மூச்சு இளைத்து, சில நிமிடங்களில் கை மீறிவிடும். காற்றில் ஈரம் மிகுந்த சென்னை, தூத்துக்குடி போன்ற ஊர்களில் வெயில் சற்றுக் குறைவாக இருந்தாலும் ஆபத்து குறைவதில்லை. நாக்கின் ஈரம் ஆவியானால்தானே குளிர்ச்சி!

பகல் 11 முதல் 5 வரை 24–26 டிகிரியில் ஓர் அறை வேண்டும். மின்வெட்டுக்கு மாற்று ஏற்பாடாக வயிற்றையும் தொடைகளின் உள்பக்கத்தையும் தண்ணீரால் நனைத்து, அந்த ஈரத்தின்மேல் விசிறிக் காற்று படும்படி வையுங்கள். நனைத்த உடம்புக்குத்தான் விசிறி உதவும். நடையைக் காலை ஆறரைக்குள் முடித்துவிடுங்கள். மாலையில் தார்ச்சாலையில் புறங்கையை வைத்து ஏழு வினாடி எண்ணுங்கள். கையை எடுக்கத் தோன்றினால் வெளியே போக வேண்டாம்.

வெப்பத் தாக்குதல் வந்தால் செய்ய வேண்டியதை வீட்டில் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஈறு செக்கச்செவேல் என்று ஆகும், பிறகு நீலம் பாயும், எச்சில் கெட்டியாக நூல் நூலாக வழியும், கால் தள்ளாடும். முதலில் குளிர்வியுங்கள், பிறகு வண்டியில் ஏற்றுங்கள். குழாய்த் தண்ணீரைக் கழுத்திலிருந்து வயிறு வரை விடாமல் ஊற்றுங்கள், முகத்தில் மட்டும் ஊற்றாதீர்கள். கூடவே விசிறியைப் போடுங்கள். ‘குளிர்ந்த தண்ணீர் ஊற்றினால் அதிர்ச்சியில் செத்துவிடும்’ என்பது பழைய பயம். உடம்பை விடக் குளிர்ந்த எந்தத் தண்ணீரும் உதவும். ஈரத் துண்டைப் போர்த்தி விடுவதுதான் தப்பு, துண்டு சூடேறிக் கம்பளி மாதிரி வெப்பத்தை உள்ளேயே பூட்டிவிடும். தண்ணீரை வாயில் புகட்டாதீர்கள். தானாக நக்கினால் நக்கட்டும்.

ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நாய்க்கு இயல்பு 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 39.5-க்கு இறங்கியதும் குளிர்விப்பதை நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குக் கிளம்புங்கள். எழுந்து வாலை ஆட்டினாலும் கிளம்பத்தான் வேண்டும். சிறுநீரகமும் இரத்தம் உறையும் தன்மையும் கெடுவது அடுத்த ஓரிரு நாளில்தான் வெளியே தெரியும். பாராசிட்டமால் கொடுக்கவே கூடாது. இது காய்ச்சல் இல்லை. மாத்திரை வெப்பத்தையும் இறக்காது, கல்லீரலுக்கும் கேடு.

முகத்து மடிப்பிலிருந்து ஊளை நாற்றம் வருகிறது. தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போடுகிறோம். சரிதானா?
– ஈரோடு வாசகி

எண்ணெயை நிறுத்திவிடுங்கள். மடிப்புக்குள் பிரச்சினையே ஈரமும் சூடும் அழுக்கும்தான். எண்ணெய் அந்த ஈரத்தை வெளியேறவிடாமல் மூடிவிடுகிறது. அரக்கு நிறத்தில் மெழுகு மாதிரி ஒட்டுவது பெரும்பாலும் ஈஸ்ட் வகைப் பூஞ்சை, அதற்குக் கொழுப்பு நல்ல தீனி. மஞ்சள் நிறம் ஏறிவிட்டால் உள்ளே தோல் சிவந்திருப்பதும் தெரியாமல் போகும். டால்கம் பவுடரும் ஆகாது. ஈரத்தில் குழைந்து பசையாகிவிடும். டெட்டால் பக்கமே போகாதீர்கள்.

செய்ய வேண்டியது எளிது, தினமும் செய்ய வேண்டும் என்பதுதான் சிரமம். இடது கைக் கட்டைவிரலால் மூக்கின் மேலுள்ள மடிப்பைத் தூக்கிப் பிடித்து, வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பஞ்சால் ஒரே இழுப்பாகத் துடையுங்கள். அடுத்த பக்கத்துக்கு வேறு பஞ்சு. பிறகு உலர்ந்த மெல்லிய துணியை மடிப்புக்குள் ஒற்றி எடுங்கள். ஒற்றாமல் விட்டால் துடைத்ததே வீண். வாரத்துக்கு இரண்டு மூன்று நாள், நாய்களுக்கென்று விற்கும் குளோர்ஹெக்ஸிடின் (கிருமிநாசினி) வைப்ஸால் துடைக்கலாம், கண்ணில் படாமல். நாற்றம் ஏற்கெனவே வந்துவிட்டதால் நீங்கள் முதலில் மருத்துவரிடம் காட்டி, ஸ்மியர் (மடிப்பு அழுக்கை ஒற்றி நுண்ணோக்கியில் பார்க்கும் சோதனை) எடுத்து, பூஞ்சையா பாக்டீரியாவா என்று பார்த்துவிடுவது நல்லது. மடிப்பின் முடி கண்ணில் உரசுகிறதா என்றும் கேளுங்கள்.

வாலடிக் குழியை மறந்துவிடுகிறார்கள். நாய் பின்புறத்தைத் தரையில் தேய்க்கிறது, பூச்சி மருந்து கொடுத்தும் நிற்கவில்லை என்று வருகிறவர்களில் சிலருக்கு வாலடியில் இப்படி ஒரு குழி இருப்பதே தெரியாது. சுண்டுவிரலில் வைப்ஸைச் சுற்றி உள்ளே விட்டு, சுழற்றி எடுங்கள். வரும் நிறத்தைப் பார்த்தாலே போதும், அடுத்த நாள் யாரும் நினைவூட்ட வேண்டியிருக்காது.

எங்கட நாய்க்குக் கண் மூலையில் செக்கச் சிவப்பாய் ஒரு கட்டி வந்திட்டுது. மிருக வைத்தியர் வெட்டி எடுக்கலாம் என்கிறார். எடுக்கலாமோ?
– யாழ்ப்பாண வாசகர்

அது கட்டி இல்லை. மூன்றாவது இமைக்கு அடியில் இருக்கும் கண்ணீர்ச் சுரப்பி இடம் நழுவி வெளியே வந்திருக்கிறது. ‘செர்ரி ஐ’ என்பார்கள். புல்டாக்கில் மிகச் சாதாரணம், பெரும்பாலும் இரண்டு வயதுக்குள் வரும். வெட்டி எடுக்க வேண்டாம். கண்ணீரின் கணிசமான பகுதி இந்தச் சுரப்பியிலிருந்துதான் வருகிறது. எடுத்துவிட்டால் பின்னாளில் கண் வறண்டு, ஆயுள் முழுக்கச் சொட்டு மருந்து விட வேண்டியதாகிவிடும். சுரப்பியைத் திரும்ப உள்ளே தள்ளி, சவ்வில் ஒரு பை போல் தைத்து மூடும் முறை இருக்கிறது. சில நாய்களில் மறுபடி நழுவும், மறுபடி தைக்கலாம். அதுவரை சுரப்பி காயாமலிருக்க மருத்துவர் சொல்லும் கண் களிம்பைப் போடுங்கள். மறு கண்ணிலும் வர வாய்ப்புண்டு.

23 கிலோ ஆண் நாய். காலை தயிர்சாதம், இரவு சிக்கன் சாதம். அளவு எவ்வளவு கொடுக்கலாம்?
– திருச்சி வாசகர்

இங்கிலாந்து கென்னல் கிளப்பின் இன வரையறையில் ஆணுக்கு 25 கிலோ, பெண்ணுக்கு 23. ஆகவே உங்கள் நாயின் எடை சரியாகவே தெரிகிறது. ஆனாலும் தராசை மட்டும் நம்பாமல் விலாவில் கை வையுங்கள். அழுத்தாமலே எலும்பு தட்டுப்பட வேண்டும். அதிகம் ஓடாத இந்த அளவு நாய்க்கு நாளொன்றுக்கு 900 முதல் 1000 கலோரி போதும். கடைத் தீனி என்றால் பாக்கெட்டில் உள்ள கலோரிக் கணக்கைப் பாருங்கள். கிலோவுக்கு 3500 கலோரி உள்ளதில் 260–280 கிராம், இரு வேளையாகப் பிரித்து.

வீட்டுச் சாப்பாடு என்றால் வேகவைத்த எலும்பில்லாத கோழி 250 கிராம், சாதம் 250 கிராம், ஒரு முட்டை, ஒரு கைப்பிடி வெந்த பூசணி அல்லது பீன்ஸ், இரண்டு தேக்கரண்டி எண்ணெய். தயிர்சாதம் மட்டும் ஒரு வேளை உணவாகாது, புரதம் போதாது; இரண்டு கரண்டித் தயிரைத் தொடுகறிபோல் வைத்துக்கொள்ளுங்கள். கோழியிலும் சோற்றிலும் கால்சியம் அறவே குறைவு. வறுத்துப் பொடித்த முட்டை ஓடு தினம் அரைத் தேக்கரண்டி ஏறக்குறைய ஒரு கிராம் கால்சியம் தரும். துத்தநாகம், அயோடின், வைட்டமின் டி ஆகியவற்றுக்கு மருத்துவர் எழுதித் தரும் சத்துப்பொடி வேண்டும். குழம்புச் சாதம் வேண்டாம்: சின்ன வெங்காயமும் பூண்டும் இரத்த அணுக்களை அழிக்கும். பாயசத்தில் இருக்கும் உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பும் கூடாது.

சிறுநீர் சொட்டுச் சொட்டாக, இரத்தம் கலந்து போகிறது. கிருமித்தொற்றுதானே?
– வேலூர் வாசகர்

ஆண் புல்டாக் என்றால் கல்லைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். டால்மேஷியனைப் போலவே புல்டாக்கிலும் யூரிக் அமிலத்தை அதிகம் வெளியேற்றும் மரபணுக் கோளாறு உண்டு. அதனால் யூரேட் கற்கள் உருவாகும். சாதாரண எக்ஸ்ரேயில் இவை பல சமயம் தெரியாது, அல்ட்ராசவுண்ட் எடுக்கச் சொல்லுங்கள். ஈரல் கொடுப்பதை நிறுத்துங்கள், உணவில் தண்ணீர் கலந்து கொடுங்கள். முக்கி முக்கியும் சொட்டுக்கூட வரவில்லை என்றால் விடியும்வரை காத்திருக்காதீர்கள், அன்றிரவே போங்கள்.

பெண் நாய்க்கு ஒரு தடவையாவது குட்டி போட வைக்க வேண்டும் என்கிறார்களே?
– சேலம் வாசகி

எந்த நாய்க்கும் அப்படி ஓர் அவசியம் இல்லை, புல்டாக்கிற்கு நிச்சயமாக இல்லை. குட்டியின் தலையும் தோளும் அகலம், தாயின் இடுப்பெலும்பு குறுகல். இங்கிலாந்தில் எடுத்த கணக்கில் புல்டாக் பிரசவங்களில் 80 சதவீதத்துக்கு மேல் சிசேரியன். மூச்சுத்திணறும் நாய்க்கு நிறை வயிற்றோடு மயக்க மருந்து என்பது சின்ன விஷயம் அல்ல. பிறந்த பிறகும் வேலை முடியாது. கனத்த தாய் குட்டிமேல் படுத்து நசுக்கிவிடும் என்பதால் குட்டிகளைத் தனிப் பெட்டியில் 30 டிகிரி வெதுவெதுப்பில் வைத்து, இரண்டு மூன்று மணிக்கு ஒருமுறை, இரவிலும், பாலுக்கு விட வேண்டும்.

நாய் ஏற்கெனவே சினையாக இருந்தால், எந்த மருத்துவமனை, எந்தத் தேதி என்பதை இப்போதே பேசி வையுங்கள். பச்சை நிறக் கசிவு வந்தும் குட்டி வரவில்லை என்றாலோ, அரைமணி நேரம் பலமாக முக்கியும் ஒன்றும் இல்லை என்றாலோ அவசரம். சினை இல்லை என்றால் கருத்தடை செய்துவிடுவதே எங்கள் யோசனை.

மயக்க மருந்து கொடுத்தால் புல்டாக் எழுந்திருக்காது என்று பயமுறுத்துகிறார்களே?
– தஞ்சாவூர் வாசகர்

மயக்கத்தில் இருக்கும்போது தொண்டையில் குழாய் இருக்கிறது. உண்மையில் அந்த நாய் அன்றுதான் தாராளமாக மூச்சுவிடுகிறது. ஆபத்து முன்னும் பின்னும்தான். எனவே மூன்று கேள்வி கேளுங்கள். ஊசி போடும் முன் ஐந்து நிமிடம் ஆக்சிஜன் கொடுப்பீர்களா? நாய் நன்றாக விழித்து, தலை தூக்கி, குழாயைக் கடிக்க வரும்வரை அதை எடுக்காமல் வைத்திருப்பீர்களா? எடுத்த பிறகு சில மணி நேரம் யார் பக்கத்தில் இருப்பார்? மூன்றுக்கும் தயங்காமல் பதில் வந்தால் சம்மதியுங்கள்.

சண்டைக்காக உருவான இனம் என்கிறார்களே, வீட்டில் மூன்று வயதுக் குழந்தை இருக்கிறது…
– திருநெல்வேலி வாசகி

காளைமேல் ஏவிவிடும் விளையாட்டுக்கு வளர்த்ததுதான். பிரிட்டனில் 1835-இல் சட்டம் போட்டு அதைத் தடுத்துவிட்டார்கள். அதன்பிறகு சாதுவான குணத்தையும் தட்டை முகத்தையும் பார்த்தே இனம் பெருக்கினார்கள். இன்றைய புல்டாக் பெரும்பாலும் சாது, கொஞ்சம் பிடிவாதம். ஆனால் சாப்பிடும்போது குழந்தையைக் கிட்டே விடாதீர்கள். மூக்கும் முகமும் மடிப்பாக இருப்பதால் அது முறைக்கிறதா சும்மா பார்க்கிறதா என்று பெரியவர்களுக்கே தெரியாது, குழந்தைக்கு எப்படித் தெரியும்?

நீச்சல் குளத்தில் விடலாமா?
– புதுச்சேரி வாசகர்

கூடாது. தலையும் நெஞ்சும் கனம், பின்புறம் லேசு, கால் குட்டை. மூக்கைத் தண்ணீருக்கு மேல் வைக்க உடம்பையே செங்குத்தாக நிமிர்த்த வேண்டியிருக்கும், சில நொடிகளில் முங்கிவிடும். மொட்டைமாடித் தொட்டி, கிணறு, பண்ணை வீட்டுக் குளம் எல்லாவற்றுக்கும் வேலி வேண்டும். நாயின் முழங்கால் அளவு தண்ணீர் உள்ள பிளாஸ்டிக் தொட்டியில் நிற்க விடுங்கள், அதற்கு அதுவே பிடிக்கும்.